கால் சுற்று

ஆக்சிலேட்டர் பிடிக்கு அடியில் ஒரு திருகாணி.
முழுதாய் உள்ளே திருகினால்
வண்டி நடக்கும், ஓடாது.
"எங்க பையனுக்கு மூணு கோடை
இதுதான் வேலி" என்று விற்றான் ஐவார்.
மஞ்சள் வண்டி. டேங்கில்
பாதி உரிந்துபோன பதினான்கு.

லேலோவுக்கு ஐந்து வயது.
இரண்டரையில், பெடல் இல்லாத மரச் சைக்கிளில்
தரையை உதைத்து உதைத்து
நாயை முந்தியவள்.
நாலில் பேட்டரி வண்டி:
சத்தமே இல்லாமல் வந்து
மாரிகாவின் உருளைக்கிழங்குப் பாத்திக்குள் இறங்குவாள்.
வேகம் பழகிப்போயிருந்தது.
சத்தம்தான்.
முதல் உதையில் இஞ்சின் இருமியதும்
காதைப் பொத்திக்கொண்டு
விறகுக் கொட்டகைக்குப் பின்னால் போனவள்
சாப்பாட்டுக்குத்தான் திரும்பினாள்.

ஒரு வாரம் யாரும் ஓட்டவில்லை.
மரமில்லில் ஷிப்ட் முடிந்து வந்து
கொட்டகைக் கதவை அகலத் திறந்துவைத்து
ஸ்டாண்டில் நின்றபடி வண்டியை உறுமவிட்டு
பக்கத்தில் உட்கார்ந்து கறுப்பு ரொட்டி தின்றேன்.
திங்களன்று பிர்ச் மரத்தோடு நின்றாள்.
புதன்கிழமை ரொட்டியில் பங்கு கேட்டாள்.
மறுநாள் மழை, இஞ்சின் கிளம்பவில்லை.
"அதுக்குக் காய்ச்சலா?"
சனிக்கிழமை டேங்கின் மேல் உள்ளங்கையை வைத்து
வாயை மூடிக்கொண்டு
ம்ம்ம் என்று அதன் சுருதியைத் தேடினாள்.
கிடைத்ததும் விடவில்லை.
வெகுநேரம் இரண்டும் ஒன்றாய் முனகின.

வோருவுக்கு வெளியே
சரளை அள்ளி ஓய்ந்த குழி.
ஏப்ரல் கடைசி. நிழல் பக்கம்
அழுக்காய் ஒரு பிடி பனி.
போவதைச் சொல்லித்தரவில்லை, நிற்பதைத்தான்.
கவிழ்த்த வாளி வரை போ, பிரேக் பிடி.
வாளியை இடித்தாள். சிரித்தாள்.
வாளியை மறுபடி இடித்தாள்,
இந்த முறை வேண்டுமென்றே.

இஞ்சினை அணைக்க ஒரு கயிறு உண்டு,
சிவப்பு, நாலு மீட்டர்.
ஒரு முனை வண்டியில், ஒரு முனை என் விரலில்.
சிலிர்த்துக்கொண்டு முன்னால் போகிறது
ஹெல்மெட் மட்டும் தெரியும் ஒரு காளான்.
பின்னால் நான், ரப்பர் பூட்ஸில்,
நாற்பத்தொரு வயது மூச்சோடு.

மூன்றாவது சுற்று.
தவளை முட்டை மிதக்கும் குட்டையோரம் வளைவு.
அவள் சாய்ந்தாள்.
சாய வேண்டிய அளவுதான் சாய்ந்தாள்,
இப்போது நினைத்தாலும் தெரிகிறது.
நான் இழுத்தேன்.

குழி முழுக்க அமைதி.
செத்த வண்டி நடு வளைவில் நிற்க,
பூட்ஸுக்கும் தரைக்கும் ஒரு விரல்கடை எட்டாமல்
சேற்றில் சரிந்தாள்.
நடக்காமல் இருக்கட்டும் என்று இழுத்தேன்,
இழுத்ததால் நடந்தது.

தானே எழுந்தாள்.
கண்ணாடியில் சேறு. வழித்தாள்.
"நான் என்ன தப்புப் பண்ணேன்?"
"ஒண்ணும் இல்ல."
"அப்ப ஏன்?"
குட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
முட்டைகளுக்குள் கறுப்புப் புள்ளிகள்
அதற்குள் கொஞ்சம் நீண்டிருந்தன.

வழியெல்லாம் கார் கண்ணாடியில் ஊதி
விரலால் ஏதோ வரைந்து வந்தாள், பேசவில்லை.
வாசலில் மாரிகாவிடம் சொன்னாள்:
"அப்பா விழுந்துட்டார்."
இடுப்பு வரை சேறான மகளையும்
என் சுத்தமான பேன்ட்டையும்
மாறி மாறிப் பார்த்தாள் மாரிகா.
கேட்கவில்லை எதுவும்.
வாளியில் வெந்நீர் பிடித்தாள்.

இரவு கொட்டகைக்குப் போனேன்.
நாலு மீட்டர் கயிற்றைக் கழற்றி
ஐவார் கொடுத்த குட்டைக் கயிற்றை மாட்டினேன்,
அவள் மணிக்கட்டு வரைக்கும்தான் வரும் அது.
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
திருகாணியை வெளிப்பக்கம்
கால் சுற்று.
இல்லை, அதிகம், என்று கொஞ்சம் உள்ளே.
பிறகு மறுபடி வெளியே.

காலையில் ஒரு சுற்றுப் போய்
வாளியருகே நிறுத்தினாள்,
இடிக்காமல்.
ஒற்றைக் காலை எக்கி ஊன்றினாள்.
"இன்னிக்கு இது பெருசா மூச்சு விடுது."
"அப்படியா" என்றேன்.
பேன்ட் பைக்குள் ஸ்க்ரூடிரைவர்
தொடையைக் குத்திக்கொண்டிருந்தது.